ஆம்பூர் வெயிலில் ஆறு மொட்டைக்கழுத்துக் கோழிகள்

ஆம்பூரில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் என் மூக்குக் கண்ணாடியின் சட்டம் கன்னத்தைச் சுட்டது. நான் ஈப்போக்காரி, மே மாத வெயிலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று வீட்டில் வீறாப்பாகப் பேசிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வியர்த்ததா இல்லையா என்றே தெரியவில்லை, வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பொதுவாகக் கோயிலுக்கோ புடவைக் கடைக்கோ வருவார்கள். நான் இந்த வெயிலைத் தேடி வந்தேன்.

என் தம்பி ஈப்போவுக்கு வடக்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். போன வருடக் கோடையில் ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, கோழியெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு விழுது" என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. அன்று அவன் அழுததுபோல் அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் கழுத்தில் இறகே இல்லாத ஒரு நாட்டுக்கோழி இருக்கிறது. பார்க்க அழகில்லை, சலூனில் பாதியில் எழுந்து வந்ததுபோல் இருக்கும். வெயிலை மற்றக் கோழிகளைவிட நன்றாகத் தாங்கும். இறகில்லாததால் சூடு வெளியே போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடம்புக்குள்ளே, உச்சி வெயிலில், அதன் மரபணுக்களில் எவை எவை விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஈரலில் ஒரு துளி வேண்டும். கோழியை அறுத்த சில நிமிடங்களுக்குள் அதை எடுத்து, ஒரு திரவம் நிரப்பிய சின்னக் குழாயில் போட்டு, ஐஸில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் மரபணுக்கள் அனுப்பிய செய்திகள் அழிந்துவிடும். இதே முயற்சியில் எங்கள் ஊரில் இரண்டு முறை சொதப்பியிருந்தேன். மூன்றாவது முறையும் வெறுங்கையோடு வந்தால் இந்தத் திட்டத்தை மூடிவிடலாம் என்று எங்கள் பல்கலைக்கழகத் துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்ததுதான் எனக்கு எரிச்சல். மூட விடக்கூடாது என்ற ஒரே முடிவோடு வந்தேன்.

ரயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். காட்பாடி நெருங்கும்போது எதிரில் இருந்த பெரியவர் குரலைத் தாழ்த்தி, "கிட்னியாம்மா?" என்று கேட்டார். வேலூர்ப் பக்கம் போகிற ரயிலில் வெள்ளைப் பெட்டி என்றால் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. அதற்குள் இரண்டு பேர் எழுந்து எனக்கு ஃபேனுக்குக் கீழே இடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டி காலி, கோழி ஈரல் வாங்கப் போகிறேன் என்றேன். ஃபேன் இருக்கை உடனே பறிபோனது.

வரவேற்க எஸ்தர் வந்திருந்தாள். வேலூரில் நாங்கள் கூட்டு வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண், சொந்த ஊர் ஆம்பூர். சட்டப்படி இந்த நாட்டிலிருந்து ஒரு துணுக்கு ஈரலையும் நான் எடுத்துப் போக முடியாது. சோதனையெல்லாம் அவர்கள் கூடத்தில்தான், விவரங்கள் மட்டும் என்னோடு வரும். மறுநாள் காலை வழக்கம்போல் "பசியாறிட்டீங்களா?" என்று எஸ்தரைக் கேட்டேன். அவள் ஒரு நொடி திகைத்துப்போய், "இன்னா மேடம், மடத்துல கேக்கற மாதிரி கேக்கறீங்க. டிபன் ஆச்சான்னு கேளுங்க" என்று சிரித்தாள். எங்கள் ஊரில் காலையில் எல்லோரும் பசிதான் ஆறுகிறோம்.

காலை ஏழரைக்கு ஆம்பூர் சாலையில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னலோரமெல்லாம் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, தலையில் கனகாம்பரம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் வாடை வரும், இன்னொரு பக்கம் திரும்பினால் பிரியாணி தம் வாடை. உள்ளூர்க்காரர்கள் இரண்டையும் கவனிப்பதில்லை. நான் இரண்டாவதை மட்டும் கவனிக்கப் பழகிக்கொண்டேன். சீரகச் சம்பா பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கு வைக்கிறார்கள். பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று முதல் நாள் முகம் சுளித்த நான், மூன்றாம் நாள் தொக்கு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

எங்கள் ஆட்டோக்காரர் அன்வர் பாய். ஆட்டோ ஓட்டுவதற்கு முன்பு கோழிக்கடையில் வேலை செய்தவர், கத்தி பிடிக்கத் தெரிந்தவர். அதற்காகவே எஸ்தர் அவரைப் பிடித்திருந்தாள். சனிக்கிழமை வாணியம்பாடிப் பக்கம் போய் இறகுக் கழுத்துள்ள சாதாரண நாட்டுக்கோழிகள் ஆறை முடித்தோம். ஒரு கடையின் பின்முற்றத்தில், உச்சி வெயிலில், அவர் அறுக்க, நான் ஈரலை வெட்ட, எஸ்தர் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். கடைக்கு வந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்து உருதுவில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இன்னா சொல்றாங்க என்று எஸ்தர் கேட்க, அன்வர் பாய் சங்கடத்தோடு தமிழில் சொன்னார்: "முழுக் கோழிய வாங்கி, மொச்சக்கொட்ட அளவுக்கு ஈரல எடுத்துகினு, மீதிய சும்மா குடுத்துட்டுப் போவுதாம். இதுக்கும் யாரோ சம்பளம் குடுக்கறாங்களான்னு கேக்கறாங்க மேடம்."

எங்கள் பல்கலைக்கழகத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்றேன்.

ஆக, ஆறு குழாய்கள் நிரம்பிவிட்டன. மொட்டைக்கழுத்து ஆறும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. அவை கஸ்தூரியிடம் இருந்தன. பேரணாம்பட்டு போகும் வழியில் மலையடிவாரத்தில் வீடு, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. "ஒரு மணிக்கு வர்றோம், ஈரல்ல கொஞ்சம் எடுத்துக்குவோம், கறி உங்களுக்கே" என்று எஸ்தர் போனில் பேசிவைத்திருந்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வேறெதுவும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ டயர் பஞ்சர். மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. "ஒரே பேஜாரா போச்சு" என்று அன்வர் பாய் டயரை உருட்டிக்கொண்டு போனார். புளியமரத்தடியில் நானும் எஸ்தரும் ஐஸ் பெட்டியும். நுங்கு விற்றவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஐஸ்கிரீமா?" என்றார். கிட்னிக்கு இது எவ்வளவோ தேவலை.

கஸ்தூரியின் வீட்டை அடைந்தபோது இரண்டரை. வாசலில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டிருந்தார்கள். கஸ்தூரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க மேடம். இந்த வெயில்ல இன்னா பாடு பட்டீங்களோ. ஒண்ணும் கவலப்படாதீங்க, எல்லா வேலையும் முடிச்சிட்டேன்."

எந்த வேலை என்று கேட்பதற்குள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தென்னங்கீற்றுப் புகை, கருகிய இறகு, மஞ்சள். இந்தப் பக்கத்தில் நாட்டுக்கோழியை இறகு பறித்து, தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவித்தான் துண்டு போடுவார்கள். ஆறு கோழியையும் அப்படிச் செய்துவிட்டிருந்தாள். வாழையிலை மேல் ஆறும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் ஆறு ஈரல், கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் அலசியது.

"நீங்க ஈரல்தான் கேட்டீங்கன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். வெளிநாட்டுலருந்து வந்தவங்கள கோழி அறுக்கற வரைக்கும் உக்கார வெக்கறது நல்லா இருக்குமா? பன்னண்டு மணிக்கெல்லாம் முடிச்சிட்டோம்" என்றாள்.

பன்னிரண்டு மணி. பஞ்சரே ஆகாமல் ஒரு மணிக்கு வந்திருந்தாலும் இதே கிண்ணம்தான். அன்வர் பாயைத் திட்டக்கூட வழியில்லை. நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். துறைத் தலைவரின் சிரிப்பு, தம்பியின் கொட்டகை, எல்லாம் அந்தக் கிண்ணத்தில் மிதந்தன. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. விருந்தாளியைக் காக்க வைக்கக் கூடாது என்று நெருப்பு முன்னால் நின்றவள் மேலா? உயிரோடு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாத என் மேல்தான். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்து நான் விளக்கவே முயலவில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

எஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். கஸ்தூரியின் முகம் விழுந்துவிட்டது. "கெட்டுப் போச்சா? இப்ப அறுத்ததுதானே மேடம், கெடாதே. வேணும்னா மோந்து பாருங்க."

கறி கெடவில்லை என்றேன். பிறகு என்ன கெட்டது? நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். உடம்பில் எல்லா மரபணுவும் எப்போதும் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாது, எது வேலை செய்கிறதோ அது ஒரு செய்தி அனுப்பும், எனக்கு அந்தச் செய்திதான் வேண்டும். அவள் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

"இருங்க. எங்க கம்பெனியில டிசைன் ரூம்னு ஒண்ணு இருக்குது. அங்க எல்லா மாடலும் பீரோவுல இருக்கும், ஆயிரம் மாடலு. ஆனா இன்னிக்கு லைன்ல எது ஓடுதுன்னு பண்டலோட வர்ற சீட்டப் பாத்தாத்தான் தெரியும். இந்த மாடலு, இந்த சைஸு, இத்தினி ஜோடின்னு. சாயங்காலம் சீட்டு குப்பைக்குப் போயிடும். நீங்க கேக்கறது பீரோ இல்ல. சீட்டு. அதானே?"

பத்து வருடமாக மாணவர்களுக்கு நான் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

"அதேதான்" என்றேன்.

"அய்யய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "சீட்ட நெருப்புல வாட்டி மூணு தண்ணியில கழுவிட்டனே!"

எஸ்தர் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். கஸ்தூரி விடவில்லை. ஒருவேளை ஏதாவது மிச்சமிருந்தால் என்று மஞ்சள் ஈரலிலும் ஒரு துண்டு எடுக்கச் சொல்லி எஸ்தரிடம் வாதாடிக் குழாயில் போட வைத்தாள். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். துக்கத்தில் சாப்பாடு இறங்காது என்பார்கள். எனக்கு இரண்டு முறை இறங்கியது. மிளகும் தேங்காயும் அரைத்து விட்ட அந்தக் குழம்பை என் வாழ்நாளில் மிக விலை உயர்ந்த கோழிக்குழம்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் கை கழுவி வருவதற்குள் கஸ்தூரி கைப்பேசியும் கையுமாக இருந்தாள். கம்பெனியில் அவள் வரிசைப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள்: "மொட்டக்கழுத்துக் கோழி யார் வூட்ல எல்லாம் இருக்குதோ சொல்லுங்கடி. நாளைக்கு மத்தியானம் வேணும். உசுரோட. யாரும் மஞ்சா கிஞ்சா தேச்சி வெக்காதீங்க, நான் சொல்றேன்!"

இருட்டுவதற்குள் ஆறு பேர் பதில் போட்டார்கள். மூன்று ஊர்களில், ஆறு வீடுகளில், வீட்டுக்கு ஒரு கோழி. பிடித்து ஓரிடத்தில் சேர்த்தால் மிரண்டுபோய்ச் செய்தியே மாறிவிடும், அதனால் அதனதன் முற்றத்திலேயே செய்ய வேண்டும் என்றேன். "அப்ப ஓடணும். ஓடலாம்" என்றாள் கஸ்தூரி. சேவல் வேண்டாம், முட்டையிடுகிற வயதில் பெட்டைகள் மட்டும் என்பதையும் குழுவில் சொல்லிவிட்டாள். இம்முறை நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் காத்திருந்தோம். கஸ்தூரி பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்து ஆட்டோவில் ஏறினாள். இம்முறை அன்வர் பாயிடம் இரண்டு மாற்று டயர்கள். ஒன்றின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வீட்டில் கோழி கூரை மேல் ஏறிவிட்டது. துரத்தினால் கெட்டது என்று நான் கத்த, அந்த வீட்டுப் பாட்டி கம்பு தானியத்தைக் காட்டிப் பத்து நிமிடத்தில் இறக்கினாள். இரண்டாவது வீட்டில் சத்தமில்லாமல் முடிந்தது. மூன்றாவது வீட்டில் தெருவே கூடியிருந்தது. கூட்டத்துக்குக் கஸ்தூரி சீட்டுக் கதையை விளக்கினாள், என்னைவிட நன்றாகவே. நான்காவது வீட்டில் மாமியார் குறுக்கே வந்து நின்றார். "அது அம்மனுக்கு நேர்ந்து வுட்டது. மருமவளுக்குத் தெரியாது. தர மாட்டேன்." கஸ்தூரி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "கேக்கக் கூடாதுக்கா" என்றாள். மேடம் எப்போது அக்காவானேன் என்று நான் கவனிக்கவில்லை.

ஐந்தாவது, ஆறாவது வீடுகளும் முடிந்தன. ஒவ்வொரு முறையும் எஸ்தர், "மூணு நிமிஷம் ஆகல மேடம்" என்று அறிவித்தாள். மொத்தம் ஐந்து குழாய். ஒன்று குறைகிறது. மணி இரண்டு. இன்னும் ஒரு மணி நேரம் இந்த வெயில் இதே சூட்டில் நிற்கும்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நேற்றுக் கஸ்தூரி வீட்டுச் சமையலறை மூலையில், கூடையில் ஒரு மொட்டைக்கழுத்துக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆறைப் பலி கொடுத்த கூட்டத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனால் ஐந்தில் நிற்க எனக்கு மனமில்லை. இத்தனை தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒன்றுதானே என்கிற பிடிவாதம் தலைக்கேறியிருந்தது.

"கஸ்தூரி, உங்க வீட்டுல கூடையில ஒண்ணு இருக்குதே..." என்று இழுத்தேன்.

அன்வர் பாய் இன்ஜினை அணைத்தார். அடைக்கோழியை அறுப்பது பாவம் என்று சொல்வாள், நான் பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, யோசனைதான்.

"தர்றதுன்னா தந்துடுவேன்கா. உங்க ஆறையும் கெடுத்தவ நான்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அது அடையில இருக்குது. இருவது நாளா தீனி கம்மி, தண்ணி கம்மி, உடம்பெல்லாம் அனலா வெச்சிகினு முட்ட மேல உக்காந்திருக்குது. அதோட சீட்டுல வேற வேலதானே எழுதியிருக்கும்? நீங்க வெயிலுக்கு இன்னா பண்ணுதுன்னுதானே பாக்கணும்?"

எனக்கு முகம் சுட்டது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடைகாக்கும் கோழியின் உடம்பே வேறு. முட்டையிடுவதை நிறுத்தி, சூட்டையும் பசியையும் வேறு கணக்கில் வைத்திருக்கும். அதை மற்ற ஐந்தோடு சேர்த்திருந்தால் வெயிலின் செய்தி எது, அடையின் செய்தி எது என்று பிரிக்க முடியாமல் என் முழு வேலையும் குழம்பியிருக்கும். இதை முதலாண்டு மாணவன் சொல்லாவிட்டால் நான் மதிப்பெண் குறைப்பேன். அந்த நொடியில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. எண்ணிக்கை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"வேணாம். அஞ்சு போதும். வேலூருக்கு விடுங்க பாய்" என்றேன். கஸ்தூரி மேல்கோட்டின் கையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அதில் ஷூ பசை வாடை அடித்தது.

புதன்கிழமை வேலூர் ஆய்வுக்கூடத்தில் பொழுது நகரவே இல்லை. ஈரலிலிருந்து பிரித்தெடுத்ததை ஒரு கருவியில் வைத்தால் திரையில் கோடு வரும். செய்திகள் முழுசாக இருந்தால் இரண்டு உயரமான சிகரம். அழிந்திருந்தால் மேடும் பள்ளமும் இல்லாத புல்தரை. எங்கள் ஊரில் இரண்டு முறையும் புல்தரையைத்தான் பார்த்தேன். முதலில் சாதாரணக் கோழிகள்: ஆறிலும் சிகரம். பிறகு மொட்டைக்கழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கூரை மேல் ஏறிய கோழியுடையது மட்டும் கொஞ்சம் சுமார், ஆனால் சிகரம் சிகரம்தான். ஐந்தும் தேறின. எஸ்தர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால், கஸ்தூரிக்குச் சாப்பாட்டு நேரம்.

போனை எடுத்ததும் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை. பின்னால் டிபன் பாக்ஸ் மூடிகளின் சத்தம்.

"அக்கா, சீட்டு படிக்கற மாதிரி இருக்குதா?"

"இருக்குது கஸ்தூரி. அஞ்சும் இருக்குது."

அவள் அதை உரக்கச் சொன்னாள் போலிருக்கிறது. யாரோ பல பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கூரையேறிய கோழிக்குச் சொந்தக்காரி, தெருவே கூடிய வீட்டுக்காரி, எல்லோரும் அவள் வரிசைதானே, அங்கேதான் இருப்பார்கள்.

"எங்க வூட்டு மஞ்சா ஈரலு?"

"அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தரை."

"நெனச்சேன்" என்று சிரித்தாள். "சரி, சொல்லுங்க. அந்த வெயில்ல கோழி உள்ள இன்னா எழுதியிருக்குது?"

தெரியாது என்றேன். இப்போது படிக்க முடியும் என்பது மட்டும்தான் உறுதியாகியிருக்கிறது, படித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்றேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஏழு கோழி வைத்திருந்தவளிடம் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, இன்னும் தெரியாது என்றால் என்ன அர்த்தம்?

மறுமுனையில் மணி அடிப்பது கேட்டது.

"படிங்க, மெதுவா படிங்க. ஒரு எழுத்தும் வுடாம படிங்க" என்றாள் கஸ்தூரி. "பெல் அடிச்சிட்டாங்க, நான் லைனுக்குப் போவணும்."